நான்கு மாதத்தில் பணம் திரும்புமா? நோடு பெட்டி வாங்க நினைப்பவருக்கு

கேள்வி: எனக்கு வயது 38, மாதச் சம்பளக்காரன். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கிறது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. பரவலாக்கப்பட்ட பிளாக்செயின் நெட்வொர்க் (பலரின் கணினிகள் சேர்ந்து ஒரே கணக்கேட்டைப் பராமரிக்கும் அமைப்பு) ஒன்றுக்கு ஹார்ட்வேர் நோடு ஆபரேட்டராக, அதாவது அதில் ஒரு கணினியை ஓட்டுபவராகச் சேரும்படி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். பெட்டி ஒன்றை வாங்கி வீட்டு இன்டர்நெட்டில் மாட்டிவிட்டால் தினமும் டோக்கன், அதாவது அந்த நெட்வொர்க்கின் டிஜிட்டல் நாணயம், வந்துகொண்டே இருக்குமாம், போட்ட பணம் நான்கு மாதத்தில் திரும்பிவிடுமாம். பர்சனல் லோன் எடுத்து மூன்று பெட்டிகள் வாங்கலாம் என்றிருக்கிறேன். மூன்றும் சேர்ந்து என் இரண்டு மாதச் சம்பளம் ஆகும். வாங்கலாமா? இரவில் சத்தம் போடுமா என்று மனைவி தனியாகக் கேட்கச் சொன்னார்.

பதில்: லோன் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம். தவணை மாதாமாதம் குறித்த தேதியில், குறித்த தொகையாகப் போகும். உங்களுக்கு வரப்போவதோ டோக்கன். எத்தனை வரும் என்பதும், வந்தது என்ன விலைக்குப் போகும் என்பதும் உங்கள் கையில் இல்லை. ஏற்கெனவே வீட்டுக் கடன் கட்டும் ஒருவர் இப்படி ஒரு வருமானத்தை நம்பி இன்னொரு தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

சரி, அந்த நான்கு மாதக் கணக்கு எங்கிருந்து வருகிறது? நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. இன்றைய நிலவரத்தை அப்படியே நீட்டிக் கணக்குப் போட்டிருப்பார். ஒரு கற்பனை நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். அது தினமும் 10,000 டோக்கன்களைப் பங்கிடுகிறது. மொத்தம் 5,000 பெட்டிகள் என்றால் ஆளுக்கு 2 டோக்கன். ஒரு டோக்கன் 2 டாலர் என்றால் நாளுக்கு 4 டாலர். பெட்டி விலை 480 டாலர் என்று வைத்தால் 120 நாளில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து மற்றவர்களும் வாங்குவார்களே! பெட்டிகள் 20,000 ஆகும்போது பங்கிடப்படும் டோக்கன் அதே 10,000தான். உங்கள் பங்கு அரை டோக்கன், அதாவது நாளுக்கு 1 டாலர். முதல் திரும்ப 480 நாள். டோக்கன் விலையும் பாதியானால் 960 நாள், இரண்டரை ஆண்டுக்கு மேல். இதில் கரன்ட் செலவைக்கூட நான் இன்னும் சேர்க்கவில்லை. பல நெட்வொர்க்குகளில் பங்கிடும் டோக்கனின் அளவும் குறிப்பிட்ட கால இடைவெளியில் பாதியாகும். பெட்டியை விற்பவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது, அவருக்கு விலை முதல் நாளே டாலரில் கிடைத்துவிடுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2019-ல் தொடங்கிய ஹீலியம் நெட்வொர்க்கில் இதைப் பார்த்துவிட்டோம். வீட்டில் ஹாட்ஸ்பாட் என்ற சின்னப் பெட்டியை வைத்தால் சுற்றியுள்ள சென்சார்கள் அதன் வழியாகத் தகவல் அனுப்பும், வைத்தவருக்கு ஹெச்.என்.டி. டோக்கன் கிடைக்கும். 2021 நவம்பரில் அந்த டோக்கன் 50 டாலரைத் தாண்டியது, ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து பெட்டி வாங்கினார்கள். 2022 முடிவதற்குள் விலை 3 டாலருக்கும் கீழே போய்விட்டது. அதற்குள் பெட்டிகள் பல லட்சம் ஆகியிருந்ததால் ஒவ்வொருவர் பங்கும் தேய்ந்திருந்தது.

டோக்கன் விலையை விட்டுவிட்டு அந்த நெட்வொர்க்கின் சொந்தக் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். சென்சார் அனுப்பும் 24 பைட் தகவலுக்குக் கட்டணம் 0.00001 டாலர். அதாவது ஒரு லட்சம் தகவல்கள் போனால்தான் 1 டாலர். மணிக்கு ஒரு முறை தகவல் அனுப்பும் சென்சார் ஆண்டுக்கு அனுப்புவது 8,760. அதற்கு அதன் உரிமையாளர் கட்டுவது 9 சென்ட்டுக்கும் குறைவு. உங்கள் பெட்டியைச் சுற்றி இப்படி நூறு சென்சார்கள் இருந்தாலும் ஆண்டுக்கு 9 டாலர்கூடத் தேறாது. அப்படியானால் அன்று ஹாட்ஸ்பாட்காரர்களுக்குக் கிடைத்ததெல்லாம்? பெரும்பகுதி புதிதாக அச்சிடப்பட்ட டோக்கன். அதை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கும் வரைக்கும்தான் அது வருமானம்.

அதனால் நண்பரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இந்த நெட்வொர்க்கின் சேவைக்கு வெளியிலிருந்து யார், எவ்வளவு கட்டுகிறார்கள்? சேமிப்பிடமோ, கணினித் திறனோ, வயர்லெஸ் இணைப்போ, ஏதோ ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் இருக்க வேண்டும். "இனிமேல் வருவார்கள்" என்று பதில் வந்தால், அது நடக்கும் வரை உங்கள் பெட்டி சம்பாதிப்பது நம்பிக்கையைத்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நோடு ஓட்டினாலே காசு என்று ஒரு விதியும் இல்லை. பிட்காயினின் முழு நோடை ஓட்டுபவருக்கு நெட்வொர்க் ஒரு பைசாவும் தராது, சம்பாதிப்பவர்கள் பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் புதிய பிளாக்குகளாகச் சேர்க்கும் மைனர்கள். எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் 2022 செப்டம்பருக்குப் பிறகு மைனிங்கே கிடையாது. அங்கே வாலிடேட்டராக (பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவராக) சம்பாதிக்க இயந்திரத்தோடு அதன் நாணயமான ஈதரில் 32-ஐயும் பிணையாகப் பூட்ட வேண்டும். இயந்திரத்தின் விலை அதன் முன் ஒன்றுமே இல்லை.

அந்தப் பிணை விஷயத்தை உங்கள் நெட்வொர்க்கிலும் விசாரியுங்கள். எத்தீரியத்தில் 2020 டிசம்பரில் பூட்டியவர்கள் 2023 ஏப்ரல் வரை அதை எடுக்கவே முடியவில்லை. பைல்காயின் என்ற சேமிப்பிட நெட்வொர்க்கில் இடம் தருபவர் முன்கூட்டியே டோக்கனைப் பிணையாக வைக்கிறார். சம்பாதித்ததிலும் கால் பங்குதான் உடனே கைக்கு வரும், மீதி 180 நாளில் துளித்துளியாக விடுவிக்கப்படும். விலை சரியும்போது விற்றுவிட்டு வெளியேறலாம் என்பவர்கள் இந்த 180 நாளை மறந்துவிடுகிறார்கள்.

"மாட்டிவிட்டு மறந்துவிடலாம்" என்பதையும் நம்பாதீர்கள். ஆர்வத்தில் நானே ஒரு சின்னக் கணினியில் நோடு வைத்திருந்தேன். ஊருக்குப் போன நேரத்தில் டிஸ்க் நிரம்பி மென்பொருள் நின்றுவிட்டது. ஐந்து நாள் கழித்துத் திரும்பினால் பெட்டியில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது! கரன்ட் வருகிறது என்பதைத் தவிர அந்த விளக்குக்கு எதுவும் தெரியாது. விட்டுப்போன பிளாக்குகளை நோடு மறுபடி இறக்கி முடிக்க இன்னும் ஒரு நாள் ஆனது. நான் பிணை எதுவும் வைக்கவில்லை, அதனால் நஷ்டம் இல்லை. எத்தீரிய வாலிடேட்டராக இருந்திருந்தால், நின்ற ஒவ்வொரு நாளுக்கும் ஏறத்தாழ ஒரு நாள் வருமானத்துக்கு ஈடான தொகை கழிந்திருக்கும். 'பாதுகாப்புக்கு' என்று அதே வாலிடேட்டரின் டிஜிட்டல் சாவியை இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டுபவர்கள் பாடு இன்னும் மோசம். அதை மோசடியாகவே கருதி நெட்வொர்க் பிணையில் வெட்டி ஆளையும் வெளியேற்றும். இதற்கு ஸ்லாஷிங் என்று பெயர்.

கரன்ட் கணக்கு எளிது. 15 வாட் பெட்டி வருடம் முழுக்க ஓடினால் சுமார் 131 யூனிட், 500 வாட் சர்வர் என்றால் 4,380. உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டு இன்டர்நெட் திட்டத்தில் டேட்டா வரம்பு உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். வரியில் ஒரு கண்ணி இருக்கிறது: பல நாடுகளில் டோக்கன் கைக்கு வந்த நாளின் விலையே வருமானமாகக் கணக்கில் எடுக்கப்படும். 2 டாலர் இருக்கும்போது கைக்கு வந்ததை 50 சென்ட் ஆகும் வரை வைத்திருந்தாலும் வரி 2 டாலருக்குத்தான். தேதி, எண்ணிக்கை, அன்றைய விலை மூன்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். டோக்கன் வந்து சேரும் டிஜிட்டல் பணப்பையான வாலட்டின் ரகசியச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, மனைவிக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். அமைத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் அதைக் காட்டவே கூடாது, அவர் நண்பரே ஆனாலும்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை போகவில்லை என்றால், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ள இது நல்ல வழி. முதலில் நெட்வொர்க்குக்குச் சோதனைப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீட்டில் கிடக்கும் பழைய கணினியில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு பெட்டி. அந்த ஆறு மாதப் பணத்தைத் தொடாமல், சம்பளத்தில் மிஞ்சுவதைச் சேர்த்து வாங்குங்கள். நெட்வொர்க் நாளையே மூடினாலும் வேறு வேலைக்கு ஆகும் சாதாரணக் கணினியில் ஓடக்கூடியதா, அல்லது அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் உழைக்கும் பெட்டியா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் அதன் மறுவிற்பனை மதிப்பைப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வரும் டோக்கனில் கரன்ட், இன்டர்நெட் செலவுக்கானதை மாதாமாதம் விற்றுவிடுங்கள். மீதியை வைத்திருப்பதும் விற்பதும் உங்கள் விருப்பம். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து இரண்டாவது பெட்டியைப் பற்றி முடிவு செய்யலாம்.

மனைவியின் கேள்விக்கு: ஃபேன் இல்லாத சின்னப் பெட்டி என்றால் சத்தமே வராது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளது என்றால் ராத்திரி அமைதியில் லேசாகக் கரகரக்கும். சர்வர் வகை என்றால் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும், படுக்கையறையில் வைக்க விட மாட்டார்.