கொத்தில் சேர்ந்தது எது, குறுக்கே நிற்பது எது? விண்மீன் கொத்து ஆய்வு பற்றிய கேள்வி பதில்

பழனி மலைப் பக்கத்திலிருந்தும், ஒன்றிரண்டு நீலகிரியிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: தெரியும் விண்மீன்களில் எது கொத்தில் சேர்ந்தது, எது வழியில் குறுக்கே நிற்பது? அதற்கான பதில் மட்டும் நீளமாக இருக்கும்.

பெருமாள்மலை, பள்ளி ஆசிரியர்: மேடம், கார்த்திகையும் பூசமும் கொத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ரோகிணியையும் அப்படிச் சொல்லலாமா?

சிவப்பாகத் தெரியும் அந்த ஒற்றை விண்மீனைச் சொல்ல முடியாது. அதைச் சுற்றி ஆங்கில ‘வி’ வடிவில் தெரிவது ஹயடீஸ் என்ற கொத்து. அது சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ரோகிணி இருப்பதோ 65 ஒளியாண்டில். நமக்கும் கொத்துக்கும் நடுவே, அதே திசையில் நிற்கிறது, அவ்வளவுதான். கார்த்திகை ஏறக்குறைய 440 ஒளியாண்டு, பூசம் 600க்குச் சற்று மேல். கார்த்திகையின் வயது 10 முதல் 12 கோடி ஆண்டு. ஹயடீஸும் பூசமும் 60, 70 கோடி ஆண்டைத் தொடுபவை. பிள்ளைகளுக்கு ரோகிணியையே உதாரணமாகக் காட்டுங்கள். பக்கத்தில் தெரிவதெல்லாம் சொந்தமில்லை என்பதை வெறும் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் வானத்தில் இல்லை.

கொடைக்கானல், முதுகலை இயற்பியல் மாணவி: அக்கா, கையா விண்கலத்தின் தரவை இறக்கி, எம் 67 என்ற கொத்துக்கு நிறம்–ஒளிப்பொலிவு வரைபடம் போட்டேன். புள்ளிகள் மேகம் மாதிரி பரவிக் கிடக்கின்றன. பெரும்பாலான விண்மீன்கள் விழ வேண்டிய முதன்மை வரிசையே பிரிந்து தெரியவில்லை. எங்கே தப்பு?

வரைபடத்தில் தப்பில்லை, வடிகட்டாமல் போட்டிருக்கிறீர்கள். எம் 67இன் மையத்திலிருந்து ஒரு பாகை ஆரத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்தால் பல ஆயிரம் விண்மீன்கள் வரும். அதில் கொத்தைச் சேர்ந்தவை சிறுபான்மைதான்.

முதலில் தன்னியக்கத்தை, அதாவது வானத்தில் விண்மீன் ஆண்டுதோறும் நகரும் கோணத்தைப் பாருங்கள். கிடை அச்சில் வல ஏற்றத் திசை (கிழக்கு–மேற்கு) வேகம், செங்குத்து அச்சில் நடுவரை விலக்கத் திசை (வடக்கு–தெற்கு) வேகம் என்று ஒரு படம் போடுங்கள். சுழியைச் சுற்றிப் பரந்த கூட்டம் ஒன்று தெரியும், அது பின்னணி. அதை விட்டு விலகி, ஆண்டுக்கு −11, −2.9 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) அருகே இறுக்கமான ஒரு முடிச்சு இருக்கும். அதுதான் எம் 67. முடிச்சைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம் போடுவது என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். கணக்கு இருக்கிறது. கொத்தின் தூரம் சுமார் 850 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). அந்தத் தூரத்தில் விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்பது ஆண்டுக்கு 0.25 மில்லி ஆர்க்செகண்ட். கொத்துக்குள் விண்மீன்களின் வேகச் சிதறல் விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அளவீட்டுப் பிழையையும் சேர்த்தால் 0.8 ஆரம் போதும். 3 என்று போட்டால் பின்னணி விண்மீன்கள் நிறைய உள்ளே வந்துவிடும். 0.3 என்று இறுக்கினால் மங்கலான உறுப்பினர்களை எல்லாம் இழப்பீர்கள்.

அடுத்தது இடமாறு தோற்றம்: பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதாகத் தெரியும் சிறு கோணம், தூரம் கூடக் கூடக் குறையும். எம் 67க்கு அது 1.15 மில்லி ஆர்க்செகண்ட் அளவில் வரும். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்: 1.05 முதல் 1.25 வரை என்று எல்லா விண்மீனுக்கும் ஒரே வேலி போடுகிறார்கள். கையாவின் ஜி பட்டையில் 15ஆம் பொலிவெண் (எண் கூடினால் விண்மீன் மங்கல்) விண்மீனுக்குக் கையாவின் பிழை 0.03க்குள் இருக்கும். 18ஆம் பொலிவெண்ணில் அதுவே 0.12 ஆகிவிடும். ஒரே வேலி என்றால் பிரகாசமான பக்கம் அந்நியர்கள் நுழைவார்கள், மங்கலான பக்கம் சொந்தக்காரர்கள் வெளியே போவார்கள். ஒவ்வொரு விண்மீனின் பிழையையும் வைத்து, அதன் மூன்று மடங்குக்குள் வருகிறதா என்று பாருங்கள். அட்டவணைகளைக் கையாளும் டாப்கேட் மென்பொருளில் இது ஒரே வரி.

கையாவின் அளவீடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்லும் ரூவே என்ற தர எண் 1.4க்கு மேல் போனால் தள்ளிவிடு என்று பல பாடங்களில் சொல்வார்கள். தூரம் கணக்கிடும்போது அப்படியே செய்யுங்கள். இரட்டை விண்மீன்களைத் தேடும்போது மட்டும் வேண்டாம். அந்த எண் உயரப் பல சமயம் காரணமே அது இரட்டையாக இருப்பதுதான். தேடுவதையே தூக்கி எறிந்ததாகிவிடும்.

இவ்வளவும் செய்து முடித்து வரைபடத்தைத் திரும்பப் போட்டால் முதன்மை வரிசை, விண்மீன்கள் அதை விட்டு விலகும் திரும்பு முனை, செம்பெருமீன் கிளை மூன்றும் கோடு கிழித்த மாதிரி வரும். பிறகு குறைந்தபட்சம் கலப்புக் காஸியன் மாதிரியாவது (கொத்தையும் பின்னணியையும் தனித்தனி மணி வடிவப் பரவலாகப் பிரிக்கும் கணக்கு) வைத்து ஒவ்வொரு விண்மீனுக்கும் உறுப்பினர் நிகழ்தகவைக் கணக்கிடுங்கள். கட்டுரையில் கேட்பது அதைத்தான்.

அதே மாணவி: வயதை எப்படி எடுப்பது? ஒரே வயது விண்மீன்கள் வரைபடத்தில் விழ வேண்டிய சமவயதுக் கோடு, மூன்று நான்கு வெவ்வேறு வயதுக்கும் பொருந்துகிற மாதிரியே தெரிகிறது.

தூரம், தூசியால் வரும் செம்மையேற்றம், உலோகச் செறிவு, வயது ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அசைத்தால் எதுவும் எதற்கும் பொருந்தும். தூரத்தை இடமாறு தோற்றத்தின் சராசரியிலிருந்தும், உலோகச் செறிவை நிறமாலை ஆய்வுகளிலிருந்தும் எடுத்து இறுக்கிவிடுங்கள். செம்மையேற்றம் எம் 67க்குச் சுமார் 0.04 பொலிவெண்தான். மீதி வயது ஒன்று. எம் 67க்கு 400 கோடி ஆண்டு அளவில் வர வேண்டும்.

கோட்டைப் புள்ளிக் கூட்டத்தின் நடுவே ஓட்டாதீர்கள். ஒன்றாகத் தெரியும் இரட்டை விண்மீன் தனி விண்மீனைவிட 0.75 பொலிவெண் வரை மேலே ஏறி நிற்கும். அதனால் முதன்மை வரிசையின் கீழ்விளிம்புதான் தனி விண்மீன்களின் இடம். நடுவில் ஓட்டினால் கொத்து அருகில் இருப்பது போலப் பொய்யாக வரும்.

தூரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கையாவின் இடமாறு தோற்றத்தில் சிறிய முறைப்பிழை உண்டு. விண்மீனின் பொலிவையும் நிறத்தையும் பொறுத்து அது 0.04 மில்லி ஆர்க்செகண்ட் வரை போகும். எம் 67க்கு இது பெரிதில்லை. உண்மைத் தூரம் 3,000 பார்செக் உள்ள கொத்தில் மதிப்பே 0.333தான். அதில் 0.04 குறைத்து அளந்தால் தூரம் 3,400ஐத் தாண்டிவிடும். நூறு விண்மீனைச் சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை போகாது, திருத்தம் போட்டே ஆக வேண்டும்.

மன்னவனூர்: சொந்தமாக 8 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. கையா தரவு இருக்கும்போது இதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. எம் 67இன் நடுவரை விலக்கம் +11.8 பாகை, நம் அட்சரேகை 10.2. ஆக உங்கள் தலைக்கு நேர் மேலே போகும். மார்ச் நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் உச்சியில் இருக்கும். காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பாதையில் பார்க்கிறீர்கள். வடநாட்டில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

8 அங்குலக் கருவியின் குவியத் தூரம் 2,000 மிமீ என்றால் குவியத் தூரத்தைக் குறைக்கும் 0.63 குறைப்பி போடுங்கள். 11 மிமீ சதுர உணரி உள்ள கேமராவில் அரை பாகை அகலம் கிடைக்கும். கொத்து சரியாக அடங்கும். பி (நீலம்), வி (பச்சை) இரண்டு ஃபில்டர் போதும். பிரகாசமானவை 10ஆம் பொலிவெண் அளவில் இருப்பதால் 10 விநாடிப் படங்கள் ஒரு வரிசை, மங்கலானவற்றுக்கு 60 விநாடிப் படங்கள் ஒரு வரிசை என்று தனித்தனியாக எடுங்கள். 16 பிட் கேமராவில் விண்மீனின் உச்ச எண்ணிக்கை 40,000ஐத் தாண்ட விடாதீர்கள்.

நம் மலையில் கெடுப்பது பனிதான். முன்கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய படலம் படியும்போது படம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் சாயங்காலம் எடுத்த ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) இனிப் பொருந்தாது. விண்மீன்களைச் சுற்றிய ஒளிவட்டத்தால் ஓரத்து அளவீடுகள் நகரும். சூட்டுப் பட்டையைப் பனி படிந்த பிறகு போடக்கூடாது, ஆரம்பத்திலேயே குறைந்த சூட்டில் ஓட விடுங்கள். மறுநாள் விடியலிலும் ஃபிளாட் எடுத்து, சாயங்காலத்து ஃபிளாட்டால் வகுத்துப் பாருங்கள். ஓரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால் நள்ளிரவுக்குப் பிந்திய படங்களை நம்ப வேண்டாம். வெப்பநிலை இறங்க இறங்கக் குவியமும் நகரும்; ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் சரிபாருங்கள்.

லேசான மூட்டம் வந்தால் நிறுத்தத் தேவையில்லை. எல்லா விண்மீனும் ஒரே சட்டத்தில் இருப்பதால் சேர்ந்தேதான் மங்கும். வேறுபாட்டு அளவீடு தப்பிக்கும். எம் 67 துல்லியமாக அளக்கப்பட்ட தரக் களமும்கூட. அதிலேயே உங்கள் கருவியின் நிறத் திருத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு, வேறு கொத்துகளில் மாறும் விண்மீன்களைத் தொடருங்கள். ஒரே விண்மீனை மாதக்கணக்கில் விடாமல் பார்க்கும் வேலைக்குப் பெரிய தொலைநோக்கியில் நேரம் கிடைப்பது அரிது.

பூம்பாறை: ஒமேகா சென்டாரி கொத்து இங்கிருந்து தெரியுமா?

ஏப்ரல், மே மாதங்களில் தெரியும். தெற்கே 32 பாகை உயரம் வரை ஏறும். தேனி, பெரியகுளம் பக்கத்து விளக்கொளி அதே திசையில் எழுவதால், தெற்கு அடிவானத்து விளக்கொளியை மட்டும் மறைக்கும் மேடு கிடைத்தால் நல்லது. பந்து போல் நெருங்கித் திரண்ட கோளக் கொத்துகளில், நம் பால்வெளியில் மிகப் பெரியது இதுதான், ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் 20 ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, மையத்தில் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடும் 7 விண்மீன்களை 2024இல் கண்டார்கள். அவற்றைப் பிடித்து வைக்கக் குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை வேண்டும். 47 டுகானே என்ற இன்னொரு கோளக் கொத்து 8 பாகை உயரத்துக்கும் கீழே நின்றுவிடும், அதை விட்டுவிடுங்கள்.

கொடைக்கானல்: நம்ம ஊர் ஆய்வகத்தில் கொத்து ஆய்வு நடக்கிறதா?

அது சூரியனுக்கானது. 1904 முதல் எடுத்து வரும் சூரியப் படங்கள்தான் அதன் சொத்து. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரவு வேலை காவலூரிலும் லடாக்கின் ஹான்லேயிலும் நடக்கிறது. காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. ஹான்லேயின் 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூரு அருகே உள்ள ஹொசகோட்டையில் உட்கார்ந்தே இயக்குவார்கள்.

ஊட்டி: முத்தோரை ரேடியோ தொலைநோக்கி கொத்துகளைப் பார்க்குமா?

530 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவி 326.5 மெகாஹெர்ட்ஸில் பல்சர்களையும் (ரேடியோ துடிப்பு அனுப்பும் சுழலும் விண்மீன் எச்சங்கள்) சூரியக் காற்றையும் பார்க்கச் சிறந்தது. கோளக் கொத்துக்குள் பல்சர் தேட புனே பக்கம் நாராயண்காவ் அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி பொருத்தமானது; என்ஜிசி 1851 என்ற கோளக் கொத்தில் முதல் பல்சரைக் கண்டது அதுதான்.

பண்ணைக்காடு, பி.எஸ்சி. இரண்டாமாண்டு மாணவர்: இதையே வேலையாக எடுக்க என்ன செய்ய வேண்டும்? இனியும் கண்டுபிடிக்க மிச்சம் இருக்கிறதா?

எம்.எஸ்சி. இயற்பியல், பிறகு ஜெஸ்ட், நெட் அல்லது கேட் நுழைவுத் தேர்வு. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், நைனிதாலின் ஏரீஸ், புனேயின் ஐயூகா ஆகியவை முனைவர் பட்டத்துக்கு எடுக்கும். இப்போதே பைத்தான், லினக்ஸ், புள்ளியியல் மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். புள்ளியியலில்தான் பலர் இடறுகிறார்கள்.

மிச்சம் நிறைய இருக்கிறது. பழைய பட்டியல்களில் கொத்து என்று எழுதியிருந்த பலவும் கொத்தே இல்லை என்று கையா காட்டியது. எம் 73 அப்படிப்பட்டது என்பது கையாவுக்கு முன்பே தெரிந்துவிட்டது, தற்செயலாக ஒரே திசையில் தெரியும் விண்மீன்கள். மறுபுறம், 2023இல் வந்த ஒரு பட்டியலில் 7,167 கொத்துகள். அவற்றில் 2,387 புதிய வேட்பாளர்கள். ஒவ்வொன்றும் உண்மைக் கொத்தா, கலைந்துகொண்டிருக்கும் கூட்டமா என்று பிரிக்க ஆள் வேண்டும். திரும்பு முனைக்கு மேலே நீலமாக நிற்கும் ‘நீல அலைவோர்’ இன்னொரு களம். 2015இல் ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி, எம் 67இல் அவற்றில் சிலவற்றுக்குச் சூடான வெண்குறுமீன் துணை இருப்பதைக் காட்டியது. துணையிடமிருந்து பொருளை வாங்கி இளமையானவை என்பதற்கு நேரடிச் சான்று அது. 2019இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற அன்னபூரணி சுப்ரமணியத்தின் குழு செய்த வேலை அது.

இன்னொரு கொத்துக்கு வயதும் தூரமும் கண்டுபிடித்தேன் என்று மட்டும் கட்டுரை எழுதினால் இன்று எடுக்க மாட்டார்கள். கேள்வி ஒன்று வேண்டும். தொலைநோக்கி நேரம் கேட்கும் விண்ணப்பத்துக்கும் அதே விதிதான். எந்த விண்மீன், எத்தனை விநாடி, கிடைக்கும் சமிக்ஞை–இரைச்சல் விகிதம் எவ்வளவு, நிலவு எத்தனை நாள் தொந்தரவு செய்யும், மூட்டம் வந்தால் மாற்று இலக்கு எது என்று எழுதுங்கள். உறுப்பினர் பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள். அது இல்லாமல் போகும் விண்ணப்பத்தில், நிறமாலை எடுத்த பாதி விண்மீன்கள் பின்னணியாகிவிடும் என்பது குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.