கேம் துறையை நம்பி வரலாமா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு கேம் டிசைனரின் பதில்கள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். கேம் டிசைனர் ஆக வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே ஆசை. ஆனால் எங்கே பார்த்தாலும் ஆட்குறைப்புச் செய்திதான். இந்தத் துறையை நம்பி வரலாமா சார்?
*- கல்லூரி மாணவர், கோவை*

தம்பி, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை வாங்கி முடித்தது. 2024 ஜனவரியில் தன் கேம் பிரிவிலிருந்து 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு மே மாதம், 'ஹை-ஃபை ரஷ்' என்று எல்லோரும் கொண்டாடிய ஒரு கேமைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவையே மூடப்போவதாகச் சொன்னது. (பிறகு கிராஃப்டான் என்ற கொரிய நிறுவனம் அந்தக் குழுவை எடுத்துக்கொண்டது.) தோற்றால் வேலை போகும் என்பது எல்லாத் தொழிலிலும் உள்ளது. நல்லபடியாகச் செய்து கொடுத்தும் வேலை போனால் அங்கே உழைப்பவனுக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியாமல் போகிறது, என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

காரணம் என்ன என்றால், கொரோனா காலத்தில் ஊரே வீட்டுக்குள் கேம் ஆடியது, கடனும் சல்லிசாகக் கிடைத்தது, நிறுவனங்கள் அதே கூட்டம் என்றைக்கும் இருக்கும் என்று கணக்குப் போட்டு ஆள் எடுத்தன, கதவு திறந்ததும் கூட்டம் கலைந்தது. அது பாதிக் காரணம். மீதி, செலவு. 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சோனி கொடுத்த ஆவணத்தில் கறுப்பு மையால் அடித்திருந்த எண்கள் ஸ்கேன் செய்தபோது தெரிந்துவிட்டன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' செய்ய 22 கோடி டாலர் ஆகியிருக்கிறது. ஒரே கேமில் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவன் புதிதாக எதையும் முயலத் துணிய மாட்டான், துணிந்தாலும் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. 2024 ஆகஸ்டில் சோனி வெளியிட்ட 'கான்கார்ட்' இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டது, அக்டோபரில் அதைச் செய்த ஸ்டூடியோவையும் மூடினார்கள்.

வேறு மாதிரி நடந்துகொண்டவர்களும் உண்டு. ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் 'வீ யூ' என்ற கேம் கருவி சரியாக விற்காமல் போனபோது நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா 2014-ல் சில மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆட்குறைப்பு செய்யலாமே என்று பங்குதாரர் கூட்டத்தில் கேட்டவர்களுக்கு, வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் மக்களை மகிழ்விக்கும் ஒன்றைச் செய்ய முடியாது என்ற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். அவரே ஒரு புரோகிராமர், அதனால்தான் அவருக்கு அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

வாருங்கள் தம்பி. ஆனால் ஒரு பெரிய கம்பெனியின் பெயரை நம்பி வராதீர்கள். கையில் தொழில் இருக்கட்டும்.

கேம் டிசைனர் என்றால் படம் வரைபவரா, புரோகிராம் எழுதுபவரா?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை*

ஐயா, இரண்டும் இல்லை, ஆனால் இரண்டும் தெரிந்திருந்தால் நல்லது. ஆடுபவர் அடுத்து என்ன செய்வார், என்ன நினைப்பார் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கேற்ப இடத்தை அமைப்பதுதான் எங்கள் வேலை. நீங்கள் ஆசிரியர் என்பதால் 1985-ல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' கேமின் முதல் அரை நிமிடத்தைச் சொல்கிறேன், ரசிப்பீர்கள்.

மேரியோ திரையின் இடது ஓரத்தில் வலது பக்கம் பார்த்து நிற்கிறான், முன்னால் வெறும் வெளி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன எதிரி எதிரே நடந்து வருகிறது. தொட்டால் செத்துப்போவீர்கள், ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில நொடிகள்தான் ஆகியிருக்கும், இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த முறை குதிப்பீர்கள். தலைக்கு மேலே கேள்விக்குறி போட்ட பெட்டிகள் இருக்கின்றன, அதில் ஒன்றை முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து வலது பக்கம் ஓடி, அங்கிருக்கும் குழாயில் மோதித் திரும்பி, உங்களை நோக்கியே வருகிறது. இப்போதுதான் எதிரியைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள், இதையும் தாண்டிக் குதிக்கத்தான் பார்ப்பீர்கள். ஆனால் மேலே இருக்கும் செங்கல் வரிசையில் தலை இடித்து, பெரும்பாலும் அந்தக் காளான் மேலேயே விழுவீர்கள். மேரியோ பெரியவனாகிறான், காளான் நல்லது என்று தெரிந்துவிட்டது. இத்தனையும் ஒரு வரி எழுத்து இல்லாமல்! இந்த கேமை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ பின்னாளில் ஒரு பேட்டியில் இந்த அமைப்பைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார். என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுகளில் கணினியின் வேகம்தான் எங்கேயோ போய்விட்டது, எங்கள் வேலை இன்றும் இதேதான்.

என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. போன் கேமில் வைரம் வாங்க வேண்டும் என்று தினமும் அடம். வாங்கினால் ஏதோ பெட்டி திறக்கிறான், கேட்டது கிடைக்கவில்லை என்று அழுகிறான். இது சூதாட்டம் இல்லையா?
*- இல்லத்தரசி, திருநெல்வேலி*

அம்மா, என் கருத்தில் இது சூதாட்டத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். பெல்ஜியத்தில் 2018-லேயே, காசு கொடுத்துத் திறக்கும் இந்த மாதிரிப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவில் 2025-ல் வந்த சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. ஆனால் உங்கள் பையன் திறக்கும் பெட்டியிலிருந்து வருவது பணம் இல்லை, ஒரு துப்பாக்கிக்கோ சட்டைக்கோ புது நிறம், அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ரூபாயை வைரமாக மாற்றச் சொல்வார்கள், மாற்றியதும் எவ்வளவு செலவழிக்கிறோம் என்ற உணர்வு போய்விடும். பொருளுக்கு 120 வைரம் தேவைப்படும், ஆனால் வைரம் 100, 100-ஆகத்தான் விற்பார்கள். இரண்டு கட்டு வாங்க வேண்டும், 80 மீதி நிற்கும், அந்த மீதி வீணாகக் கூடாது என்று இன்னொரு கட்டு. முதல் தடவை மட்டும் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள், காசு கொடுக்கத் தயங்கும் கையைப் பழக்குவதற்காக. இவையெல்லாம் யாரோ உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்தவை, அதுவும் என் தொழிலில் இருப்பவர்களே செய்தவை. சிறுவர்கள் ஆடும் கேமில் இதை வைப்பது தவறு என்று எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி போனில் செட்டிங் மாற்றுங்கள். அப்புறம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள், இந்த 100, 120 கணக்கை அவனுக்கும் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று புரிந்தால் ரோஷம் வரும்.

இனி கேம்களை ஏஐயே செய்துவிடுமா?
*- வாசகர், யாழ்ப்பாணம்*

படம், குரல், கோட் எல்லாவற்றிலும் நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் கேம்களுக்குக் குரலும் உடலசைவும் கொடுக்கும் நடிகர்கள் இதற்காகத்தான் 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, ஏறக்குறைய ஓராண்டு நடத்தி, தங்கள் சம்மதம் இல்லாமல் குரலை நகலெடுக்க முடியாதபடி பாதுகாப்பு வாங்கினார்கள். எனக்கு உள்ள கவலை வேறு. ஒரு அறையில் மேசை நாற்காலி போடுவது, கதவு சரியாகத் திறக்கிறதா என்று நூறு தடவை பார்ப்பது மாதிரியான சின்ன வேலைகளில்தான் நாங்கள் எல்லோரும் தொழில் பழகினோம். அந்தப் படியை எடுத்துவிட்டால் புதியவர்கள் எங்கே பழகுவார்கள்?

பத்து வருடம் கழித்து இந்தத் துறை எப்படி இருக்கும்?
*- ஐடி ஊழியர், சென்னை*

பெரிய கேம்கள் குறையும், ஆனால் இருக்கும். நான் நம்பிக்கை வைத்திருப்பது சிறிய குழுக்கள் மேல். நின்டெண்டோவில் குன்பெய் யோகோய் என்ற மேதை இருந்தார், விலை மலிந்த, குணம் முழுக்கத் தெரிந்துவிட்ட பழைய தொழில்நுட்பத்தை யாரும் யோசிக்காத விதத்தில் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. 1989-ல் வந்த கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவி அப்படிப் பிறந்ததுதான். நிறமே இல்லாத மங்கிய பச்சைத் திரை. போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியரில் கலர் திரை, ஆனால் ஆறு பேட்டரி போட்டும் மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான் ஓடும். கேம் பாய் நாலு பேட்டரியில் நாள் முழுக்க ஓடியது, விலையும் குறைவு. பின்னர் வந்த கலர் மாடலையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

அதே புத்தி இன்று தனி ஆட்களிடம் இருக்கிறது. எரிக் பரோன் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்த 'ஸ்டார்டியூ வேலி' 2016-ல் வந்தது, உலகமே ஆடியது. சீட்டுக்கட்டை மட்டும் வைத்து ஒருவர் செய்த 'பலாட்ரோ' 2024-ல் வந்து ஓராண்டுக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றது. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்த 'வெண்பா'வில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிக்கிறாள், நாம்தான் தட்டுகளைச் சரியாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குத்தான். 22 கோடி டாலர் போட்டிருந்தால் யாராவது இட்லியை வைத்துக் கேம் செய்ய விட்டிருப்பார்களா?

எங்கள் வீட்டில் இருப்பது பழைய லேப்டாப். கேம் செய்யக் கற்றுக்கொள்ள அது போதுமா?
*- பிளஸ் ஒன் மாணவி, தஞ்சாவூர்*

போதும்மா. கோடோ என்ற எஞ்ஜின், அதாவது கேம் செய்யும் மென்பொருள், முழுக்க இலவசம், 2டி கேம் செய்ய உங்கள் லேப்டாப் தாங்கும். முதல் கேமே பெரிதாக வேண்டாம். ஒரே ஒரு அறை, ஒரு சாவி, ஒரு கதவு, அதை மட்டும் முழுதாக முடியுங்கள். முடித்ததும் வீட்டில் கேமே ஆடாத ஒருவரிடம், பாட்டியிடமே கூட, கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். எங்கே தடுமாறுகிறார், எங்கே சலித்துப்போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்து வேறொருவரிடம் கொடுங்கள்.