விறகு ஓவனுக்கு எந்தக் கான்கிரீட்?

கேள்வி: எங்கள் பேக்கரியில் விறகு ஓவனின் வளைவைச் சாதாரண சிமெண்ட், கருங்கல் ஜல்லி போட்டு வார்த்தோம். மழைக்காலத்தில் ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு மறுபடி மூட்டியதும் உள்பக்கம் பொரிந்து உதிர்கிறது. வெளிச்சுவரிலும் கை வைக்க முடியவில்லை. எடை குறைந்த இன்சுலேஷன் கான்கிரீட்டில் மாற்றி வார்க்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி வார்த்தால் இன்னும் சீக்கிரம் உதிரும். தீயைத் தாங்குவது ஒரு வேலை, சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது வேறு வேலை. இன்சுலேஷன் கான்கிரீட்டில் காற்று நிறைந்த துளைகள் இருப்பதால்தான் சூடு கடப்பதில்லை. அந்தத் துளைகளாலேயே அதற்கு வலு குறைவு. விறகுக் கட்டை இடித்தாலே பெயரும்.

உங்கள் வளைவு ஏன் போனது? சிமெண்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. சுமார் 450 டிகிரி செல்சியஸில் அதிலுள்ள நீர் போய், அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரக்காற்று பட்டால் என்ன ஆகும்? காளவாய்ச் சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் பூரித்து உடைகிறதே, அதேதான். போதாக்குறைக்கு, மணலிலும் கருங்கல்லிலும் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென விரியும்.

பழைய வளைவின் மேலேயே பூசி ஒப்பேற்றாதீர்கள். இடித்துவிட்டு, உள்பக்கத்தைத் தீச்செங்கல்லில் கட்டுங்கள். அல்லது ஹை அலுமினா சிமெண்ட் (சூட்டைத் தாங்கும் தனி வகை சிமெண்ட்) கலந்த, கனமான காஸ்டபிளில், அதாவது தண்ணீர் சேர்த்து வார்க்கும் தீ தாங்கும் கலவையில் வாருங்கள். இதில் சாதாரண சிமெண்ட் கலக்கவே கூடாது, சில நிமிடங்களில் இறுகிவிடும். கலக்கும் தட்டில் பழைய சிமெண்ட் ஒட்டியிருந்தாலும் கழுவிவிடுங்கள். தண்ணீரை மூட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு குவளைகூட ஊற்ற வேண்டாம். கொத்தனார் கேட்பார், கொடுக்காதீர்கள். உள்வளைவில் சாதாரணக் கம்பியும் வேண்டாம். அது விரிந்து வளைவைப் பிளக்கும்.

இன்சுலேஷன் அதற்கு வெளியே, நாலங்குல கனத்தில். நாலரை அங்குலச் செங்கலுக்குப் பின்னால் சூடு தணிந்துவிடுவதால், பேக்கரி ஓவனுக்கு ஆறு பங்கு வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த கனிமத் துகள்), ஒரு பங்கு சாதாரண சிமெண்ட் போதும். (உலோகம் உருக்கும் உலைக்கு இந்தக் கலவை ஆகாது.) வெர்மிகுலைட் மாடித்தோட்டப் பொருள் விற்கும் கடையிலேயே கிடைக்கும். புட்டு மாவு பதத்தில் பிசறி, மெதுவாக அழுத்தி வையுங்கள். இடித்துக் கெட்டிப்படுத்தினால் காற்று போய்விடும், போட்டதே வீண். ஓவன் தரைக்கு அடியிலும் இதே அடுக்கு வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, ரொட்டியின் அடி வேகவில்லை என்று விறகை அள்ளிப் போடுகிறார்கள்.

அவசரம்தான் கடைசி எதிரி. காஸ்டபிள் என்றால் ஒரு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். வெர்மிகுலைட் நிறைய தண்ணீர் குடித்திருக்கும். ஒரு வாரம் நிழலில் காயட்டும். அடுத்த வாரம் முழுக்கச் சுள்ளித் தீதான், தினமும் கொஞ்சம் கூட்டி. உள்ளே சிக்கிய நீர் ஆவியானால் புதுக் காஸ்டபிளையே வெடிக்கவைக்கும். மேல்பூச்சில் விரல் நுழையும் துளை ஒன்று விடுங்கள். கண்ணாடித் துண்டை அதன் எதிரே பிடித்தால் வியர்க்கும். வியர்ப்பது நின்ற பிறகு கட்டை விறகு வைக்கலாம்.