எங்கள் நிறுவனத்துக்கு நம்பகமான ரிவ்யூ தளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எழுதுகிறவர் உண்மையிலேயே உங்களிடம் வாங்கியவர்தானா என்பதை அந்தத் தளம் எப்படிச் சரிபார்க்கிறது? முதலில் இதைக் கேளுங்கள். அமேசானில் வரும் ‘வெரிஃபைடு பர்ச்சேஸ்’ அடையாளம், பொருளை அங்கேயே வாங்கியவர் எழுதியது என்று காட்டுகிறது. கூகுள் போல யாரும் எழுதக்கூடிய தளங்களில் அப்படி ஒரு சோதனை கிடையாது. ஆனால் வாடிக்கையாளர்கள் தேடும்போது கண்ணில் படுவது கூகுள் ரிவ்யூதான், அதனால் ஒதுக்கவும் முடியாது.

அடுத்தது பணம். காசு கட்டினால் ஒரு ஸ்டார் ரிவ்யூவை மறைத்துவிடலாம் என்று விற்பனை ஆள் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வலையும் உண்டு: ‘திருப்தியா?’ என்று கேட்டு, ஆம் என்பவருக்கு மட்டும் ரிவ்யூ லிங்க் அனுப்பும் வசதி. பார்க்க நல்லதாகத் தெரியும், ஆனால் கூகுள் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் போலி ரிவ்யூக்களை வாங்குவதற்கும் விற்பதற்கும் எதிரான விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது.

ரிவ்யூக்களைச் சேகரித்து வெளியிடுவதற்கு ஐஎஸ்ஓ 20488 என்ற சர்வதேசத் தரநிலை 2018 முதல் இருக்கிறது. அதைப் பின்பற்றுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், சந்தாவை நிறுத்தினால் சேர்ந்த ரிவ்யூக்கள் என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.