எட்டு மணிக்கே படுத்தும் தூக்கம் வரவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய் வருகிறேன். சோறு பொங்கிக் கட்டிக்கொண்டு ஐந்தரை மணி ஜீப்பைப் பிடிக்க, மூன்றரைக்கே எழ வேண்டும். அதனால் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறேன். ஆனால் தூக்கம் பிடிக்கப் பன்னிரண்டு ஆகிறது. ஆறு மாதமாக இப்படித்தான். கூட வேலை பார்ப்பவர் சொன்னாரென்று மருந்துக் கடையில் தூக்கத்துக்கு அல்பிரஸோலம் 0.5 மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகப் போடுகிறேன். முதலில் கேட்டது, இப்போது அதுவும் கேட்பதில்லை. மனநல டாக்டரைப் பார் என்கிறாள் மகள். போனால் ஊர் என்ன பேசும்?

பதில்: முதலில் மாத்திரை. இதைப் படித்துப் பயந்து இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். தினமும் போட்டுப் பழகிய அல்பிரஸோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பு, கைநடுக்கம் வரும், இருக்கிற தூக்கமும் போகும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். கேட்கவில்லையே என்று இரண்டாகப் போடவும் வேண்டாம். மருத்துவர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் உள்ள மருந்து இது. கடைக்காரர் கொடுத்ததும் தப்புதான்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்தையும் தாண்டினால் நாள்பட்ட தூக்கமின்மை என்போம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த எட்டு மணிதான். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு தூக்கத்தை எதிர்த்து நிற்கும். அந்த நேரத்தில் போய்ப் படுத்து, 'ஜீப்பு போயிடுமே' என்று கணக்குப் போட்டுக்கொண்டு புரள்கிறீர்கள். ஆறு மாதம் இப்படிப் புரண்டால் பாயைப் பார்த்தாலே மனசு விழித்துக்கொள்ளும். போதாததற்கு, சாயங்காலம் மலை இறங்கும் ஜீப்பில் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுகிறீர்களா? பெரும்பாலும் எல்லோரும் போடுவார்கள். ராத்திரித் தூக்கத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும்.

எனவே கொஞ்ச நாளைக்கு எட்டு மணிக்குப் படுக்காதீர்கள். பத்து மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே மூன்றரைதான். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது வந்து படுங்கள். மணி பார்க்க வேண்டாம். அலாரம் வைத்த செல்போன் அடுப்படியில் இருக்கட்டும். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூங்க ஆரம்பித்ததும், வாரத்துக்குக் கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தை ஒன்பதை நோக்கி முன்னே நகர்த்தலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் கண் இழுக்கும். சரிவில் கவாத்துக் கத்தியோடு நிற்கிற வேலை உங்களுடையது, மாத்திரையும் போடுகிறீர்கள். அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அவர் மேற்பார்வையில் தொடங்குங்கள். வலிப்பு நோய் இருந்தால் இந்த முறை வேண்டவே வேண்டாம்.

கட்டஞ்சாயாவையும் (பால் சேர்க்காத டீ) சொல்ல வேண்டும். நாலு மணிக்குக் குடித்ததில் இருக்கும் காஃபீனில் ஏறக்குறைய பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் நிற்கும். மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி டாக்டர். நேராக மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. கம்பம் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதுப் பெண்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மாதவிலக்கு நிற்கும் பருவம் தொடங்கிவிட்டதா, அதாவது மாதவிலக்கு முன்னே பின்னே ஆகிறதா, நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறதா என்பது. படுத்ததும் கால் குடைந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். பலத்த குறட்டையும் இடையில் மூச்சுத் திணறலும் இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். இருந்தால் தூக்க மாத்திரை ஆபத்தைக் கூட்டலாம். தைராய்டு, சர்க்கரை, வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இரண்டு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் படுத்தது, தூங்கியது, எழுந்தது என்று தோராயமாக எழுதி எடுத்துப்போங்கள். காலி மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள்.

மாத்திரைக்கு முன்னதாக இன்று பரிந்துரைக்கப்படுவது தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பழக்கி மாற்றுவது. மேலே சொன்ன படுக்கும் நேரக் கணக்கு அதில் ஒரு பகுதி. வழக்கமாக நான்கு முதல் எட்டு அமர்வுகள். இதற்காக அனுப்பினால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போக முடியாத நாளில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். 'ஏன் இருக்கிறோம்' என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

ஊர் பேச்சுக்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் நீங்கள் இரண்டு மாதமாகச் சாப்பிடுவதே மனநல மருத்துவர்கள் எழுதும் மருந்துதான், பார்க்க டாக்டர் மட்டும் இல்லாமல். போன இடத்தில் மறுபடி மாத்திரை மட்டும் எழுதினால், எத்தனை வாரத்துக்கு, எப்படிக் குறைப்பது என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.