ரோஜாச் செடி வாங்கப் போனால் மூக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள்

கேள்வி: மாடியில் ஆறு தொட்டி வைக்க இடம் இருக்கிறது. நர்சரியில் உள்ளங்கை அகலம் பூத்திருந்த சிவப்பு ரோஜா ஒட்டுச் செடி 250 ரூபாய் சொன்னார்கள். முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. பக்கத்திலேயே பன்னீர் ரோஜா 60 ரூபாய். வாசம் ஆளைத் தூக்குகிறது, ஆனால் பூ சின்னது. "வீட்டில் நாலு நாள் நல்ல வெயில் பட்டால் சிவப்பிலும் வாசம் வந்துவிடும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (திருச்சி வாசகி)

பதில்: நாலு வருஷம் வெயில் பட்டாலும் வராது. வாசனை செடியின் பிறப்பிலேயே இருக்க வேண்டும். வெயிலும் உரமும் இருக்கிற வாசத்தைக் கூட்டும், குறைக்கும், இல்லாததைக் கொண்டுவராது. பிரான்சின் மெய்லாந்து குடும்பத்தார் உருவாக்கிய இரண்டு சிவப்பு ரோஜாக்கள் உண்டு: பாப்பா மெய்லாந்து, ரூஜ் மெய்லாந்து. முதலாவது வாசனைக்குப் பேர்போனது, இரண்டாவதில் வாசமே கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தவர்கள் 2015-ல் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ரோஜா மணத்தின் முக்கியக் கூறான ஜெரானியாலை உண்டாக்க உதவும் அந்த மரபணு, பாப்பாவின் இதழில் மும்முரமாக வேலை செய்கிறது. ரூஜில் கிட்டத்தட்டத் தூங்குகிறது. தூங்கும் மரபணுவைத் திருச்சி வெயில் தட்டி எழுப்பாது.

நீங்கள் பார்த்த சிவப்பு அனேகமாகக் கொய்மலர் வகை. ஓசூர் பக்கம் பசுமைக்குடில்களில் வளர்த்து, காதலர் தினத்துக்கு ஏற்றுமதி செய்யும் தாஜ்மஹால் ரோஜாவின் ஜாதி. நீளக் காம்பு வேண்டும், இதழ் தடிப்பாக இருக்க வேண்டும், பெட்டியில் நசுங்கக் கூடாது, ஜாடியில் ஒரு வாரம் நிற்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில் வாசனை வழியிலேயே விழுந்துவிட்டது. பன்னீர் ரோஜா நேர் எதிர். டமாஸ்க் என்ற பழைய வாசனை ரோஜாவின் வம்சம், மெல்லிய இதழ். விடிகாலையில் விரியும்; பறித்து மதியம் ஆனால் துவளும்; மறுநாள் விரல் பட்டாலே உதிரும். பூ மார்க்கெட்டில் இதை எண்ணி விற்க மாட்டார்கள், எடை போட்டு உதிரியாகத்தான் விற்பார்கள்.

பெரிய பூவும் வாசமும் சேர்ந்ததும் உண்டு, தேட வேண்டும். மிஸ்டர் லிங்கன் (1964) அடர்சிவப்பு, பெரிய பூ, நல்ல டமாஸ்க் வாசம். டபுள் டிலைட் (1977) வெண்ணெய் நிறத்தில் விரிந்து, வெயில் பட்ட ஓரங்களில் சிவப்பு ஏறும்; இனிப்போடு கொஞ்சம் மசாலா காரம் கலந்த மணம். பீஸ் (Peace, 1945) என்ற மஞ்சள்-இளஞ்சிவப்பு ரோஜாவின் பேரைப் பார்த்து நிறையப் பேர் வாங்குகிறார்கள். பூ பிரமாதம், வாசம் லேசுதான். பட்டன் ரோஸ் கொத்துக்கொத்தாகப் பூத்து மாடியை நிறைக்கும், முகர ஒன்றும் இருக்காது.

வாங்கும்போது காலை எட்டு, ஒன்பது மணிக்குள் போங்கள். நண்பகலில் எந்த ரோஜாவும் சோர்ந்துதான் இருக்கும், அதை வைத்து நல்ல செடியை ஒதுக்கிவிடுவீர்கள். மொட்டையோ முழுதாக மலர்ந்ததையோ முகராமல் பாதி விரிந்த பூவைத் தேர்ந்தெடுங்கள். வாசம் தெரியாவிட்டால் உள்ளிதழில் மெல்ல ஒருமுறை வாயால் ஊதிவிட்டு மறுபடி முகருங்கள். நாலைந்து செடி ஆனதும் மூக்கு மரத்துப் போகும். கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, பூவோடு இருக்கும் செடியையே வாங்குங்கள். டபுள் டிலைட் என்று வண்ணப்படம் தொங்கிய ஒரு செடியை மொட்டுகூட இல்லாமல் நான் வாங்கி வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பூத்தது சாதாரண ரோஸ் நிறப் பூ, வாசமும் இல்லை. கேட்டால், "சீட்டு மாறியிருக்கும் சார்." ரசீதில் ரகத்தின் பெயரை எழுதி வாங்கவில்லை. அது என் தப்பு.

உங்கள் ஆறு தொட்டிக்கு என் கணக்கு: மூன்று பன்னீர், இரண்டு லிங்கனோ டபுள் டிலைட்டோ. மிச்சம் ஒன்றில் அந்த 250 ரூபாய்ச் சிவப்பை வையுங்கள், ஆசைப்பட்டுவிட்டீர்களே. ஊட்டி போகிற யோசனை இருந்தால் கோடையில் போங்கள். அங்கே 1995-ல் தொடங்கிய அரசு ரோஜாப் பூங்காவில் ஆயிரக்கணக்கான ரகங்கள். பிடித்ததை முகர்ந்து, பெயரைக் குறித்துக்கொண்டு வந்து நர்சரியில் கேட்கலாம். ஒன்று மட்டும், மலைக் குளிரில் பூத்த அளவை நம்மூர் வெயிலில் எதிர்பார்க்காதீர்கள். இங்கே பூ சீக்கிரம் விரிந்துவிடும், கொஞ்சம் சிறுத்தும் போகும்.

கேள்வி: வாசனையான ஒட்டு ரோஜா ஒன்று வாங்கினேன். ஆறு மாதம் நன்றாகப் பூத்தது. இப்போது செடி ஆள் உயரம் வளர்ந்து, ஐந்து இதழில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. உங்கள் ரோஜாவை அடியில் இருந்த வேர்ச்செடி, அதாவது வேருக்காக வைத்து ஒட்டிய காட்டு ரோஜா, அமுக்கிவிட்டது. தண்டின் கீழே முழங்கை மாதிரி ஒரு புடைப்பு தெரியும், அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். அதற்குக் கீழேயிருந்து கிளம்பும் குச்சி எல்லாம் காட்டு ரகம். கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும்; மண்ணைக் கொஞ்சம் விலக்கி, முளைத்த இடத்தோடு பிய்த்து எடுங்கள். ஒரே காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்லது என்பார்கள். அதை நம்பி வெட்ட வேண்டாம், நல்ல ரோஜாவிலும் ஏழு இலை வரும். புடைப்புக்கு மேலே பச்சைக் குச்சி ஒன்றாவது மிச்சம் இருந்தால் செடி தப்பிக்கும். அடுத்த முறை புடைப்பு மண்ணுக்கு மேலே தெரிகிற செடியாக வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் நீல ரோஜா, வானவில் ரோஜா விதை 100 எண்ணம் 99 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வானவில் ரோஜா செடியில் பூப்பதே இல்லை. வெள்ளைப் பூவின் காம்பைப் பிளந்து, ஒவ்வொரு பிளவையும் ஒவ்வொரு சாயத் தண்ணீரில் வைத்து எடுக்கும் வேலை அது. நீலமும் அப்படித்தான். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாவே பார்க்க இளம் ஊதாதான். அப்புறம், ரோஜாவை விதை போட்டு வளர்த்தால் தாய்ச்செடி மாதிரியே வராது. அதனால்தான் ஒட்டு, பதியம், குச்சி எல்லாம். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால் விளம்பரப் படம், ஆர்டர் விவரம், பணம் கட்டிய ஆதாரம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் விற்ற தளத்தில் புகார் செய்யுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: பூக்கடை பொக்கேயில் மிஞ்சும் ரோஜா இதழில் குல்கந்து போடலாமா?

பதில்: கூடாது. அது சாப்பிட வளர்த்த பூ இல்லை, மருந்து அடித்திருப்பார்கள். வாசமும் இருக்காது, வெறும் சர்க்கரைதான் மிஞ்சும். மாடியில் மருந்து அடிக்காத பன்னீர் ரோஜா இருந்தால் அதைப் போடுங்கள்.