கிடைத்ததாகச் சொல்லப்படுவது

வணக்கம் ஐயா. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சைப்ரஸ் நாட்டுப் பொன்நகைகளைக் கண்டு மயங்கினேன். அவற்றைக் கொண்டுவந்த லூயிஜி பால்மா டி செஸ்னோலா கள்வரா, காவலரா? அவருடைய 'ஜெனரல்' பட்டம் உண்மையா? அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே?

அன்புள்ள நண்பருக்கு,

பட்டத்தை விட்டுவிடுங்கள். 1832இல் இத்தாலியில் பிறந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு குதிரைப்படைக்குக் கர்னலாகி, 1863இல் ஆல்டியில் காயம்பட்டுச் சிறைப்பட்டவர் அவர். அந்த வீரத்தில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் 'எல்லோரும் அப்படித்தானே' என்பது சோம்பேறித்தனமான வாதம். அன்று சைப்ரஸை ஆண்ட உஸ்மானிய அரசு 1869இலேயே தொல்பொருள் விதிகளை வகுத்துவிட்டது. அமெரிக்கக் கான்சல் (தூதரக அலுவலர்) எதையும் கப்பலேற்றக் கூடாதென்று ஆணை வந்ததும், 1865 முதல் சைப்ரஸின் லார்னாகா துறைமுகத்தில் அப்பதவியிலிருந்த செஸ்னோலா, தாம் ரஷ்யாவுக்கும் கான்சல் என்று காட்டி ஏற்றி அனுப்பினார். அதைத் தம் நூலில் பெருமையாக எழுதியும் வைத்தார். விதியை அறியாதவரா இப்படிச் சந்து தேடுவார்?

நானும் அந்தக் கூடத்தில் நின்றிருக்கிறேன். சைப்ரஸின் பழைய நகர அரசான பாஃபோஸின் மன்னன் எதியாண்ட்ரோஸின் பெயர் பொறித்த பொன்காப்பைப் பார்த்துக் கண் கலங்கினேன், உங்களைப் போலவே. பிறகுதான் 'கூரியத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது' என்ற குறிப்பு உறைத்தது. கூரியம் அத்தீவின் இன்னொரு பழைய நகரம். நகைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள் அந்தக் குறிப்பைப் படிக்கவே இல்லையே!

கூரியத்துக் கோயிலின் அடியில், அடுத்தடுத்த நிலவறைகளில் புதையலைக் கண்டதாகச் செஸ்னோலா எழுதினார். பின்னர் தேடியவர்களுக்கு அந்த அறைகள் தென்படவில்லை. பொருள்களும் ஒரே காலத்தவை அல்ல. பற்பல கல்லறைகளில் எடுத்தவற்றை ஒரே புதையலாகச் சேர்த்துவிட்டார் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். பாஃபோஸ் மன்னனின் காப்பு கூரியத்துக்கு ஏன் வந்தது? தெய்வத்துக்கு அளித்த காணிக்கையா, கொள்ளைப் பொருளா, பிணத்தின் கையிலேயே கிடந்ததா? எந்த அறையில், எந்தக் கலயத்தின் அருகே, எந்த எலும்பின்மேல் கிடந்தது என்பதைத் தோண்டியவர் அன்றே குறித்திருந்தால் இவற்றுள் ஒன்றுக்காவது விடை இருந்திருக்கும். மண்ணைக் கிளறியபின் அதைத் திரும்பக் கேட்க முடியாது. காப்பை எத்தனை முறை துடைத்துப் பார்த்தாலும் பெயரைத் தவிர வேறொன்றும் அது சொல்லாது.

சிலைகளில் பொருந்தாத உறுப்புகளை ஒட்டினார் என்று 1880இல் எழுந்த புகாரும், அதையொட்டிய அவதூறு வழக்கும் பத்திரிகைகளுக்குத் தீனியானவை. எனக்கு அவற்றில் ஆர்வமில்லை. 1879 முதல் 1904இல் இறக்கும்வரை அவரே அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர்.

மீண்டும் அங்கே போனால், பொன்னைப் பார்ப்பதற்கு முன் குறிப்பட்டைகளை வாசியுங்கள். 'சொல்லப்படுவது' எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.